காற்று எந்தப் பக்கம்? – வேளாங்கண்ணிக் கப்பல் படம் குறித்து ஒரு திறனாய்வு

காவிரிக் கரையில் அமைந்த ஜேடர்பாளையத்திற்கும் கடலுக்கும் இடையே இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. இங்கே படுகை அணை உண்டு; அல்லாள இளைய நாயக்கரின் பெயரோடு சேர்த்து மக்கள் நன்றியுடன் நினைக்கும் ராஜ வாய்க்கால் உண்டு; அவ்வாய்க்கால் நீரில் தழைக்கும் வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழையும் கரும்பும் உண்டு. நீர்மேல் செல்லும் கலம் என்று இவ்வூரார் தலைமுறை தலைமுறையாக அறிந்தது, மூங்கிற் பிளாச்சுகளால் முடைந்த வட்டப் பரிசல் ஒன்றையே. ஆயினும் இப்பகுதியிலுள்ள கத்தோலிக்க இல்லங்களுள் நுழைவோமாயின் ஒரு பாய்மரக் கப்பலைக் காணாமல் திரும்ப இயலாது. அது சுவரில், நாட்காட்டியின் மேற்பகுதியில், ஆண்டு முழுவதும் புயலில் அலைந்துகொண்டிருக்கிறது. கப்பலுக்கு மேலே, மேகங்களின் நடுவே, குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தியவளாய் ஆரோக்கிய அன்னை நிற்கிறாள்.

இப்படத்தைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் நமக்குத் தானாகத் தோன்றியதன்று. முன்னாளில் பரிசல் ஓட்டிய பெரியவர் ஒருவர் ஒருநாள் நம் இல்லத்திற்கு வந்திருந்தார். கிறிஸ்தவர் அல்லர். காபி வரும் வரையில் சுவரையே நோக்கிக்கொண்டிருந்தவர், திடீரென்று கேட்டார்: "ஏனுங்க, பாயி முன்பக்கமாப் பொடைச்சுக்கிட்டு நிக்குது, கொடி பின்பக்கமாப் பறக்குது. காத்து எந்தப் பக்கமிருந்துங்க வருது?"

நம்மிடம் விடை இல்லை. துடுப்பு ஒன்றையே துணையாகக் கொண்டு ஆற்றுக்காற்றோடு வாழ்நாளெல்லாம் போராடிய ஒருவர் கண நேரத்தில் கண்ட பிழையை, அதே படத்தின் முன் நின்று பல்லாண்டுகளாகச் செபமாலை சொல்லிவந்த நாம் காணவில்லை. அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை.

படத்தின் சிறப்பு

குறை கூறுமுன் நிறை கூறுவது முறை. இப்படத்தை வரைந்தவர் யாரென்று தெரியவில்லை. அச்சிட்டவர்களும் பல ஊர்களில் பலர். ஒன்றைப் பார்த்து மற்றொன்று வரையப்பட்டு, வண்ணம் மாறி, அளவு மாறி, இன்று எண்ணற்ற வடிவங்களில் அது உலவுகிறது. எனினும் அதன் அடிப்படை அமைப்பு வலிமை மிக்கது. படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் இருள், மேற்பாதியில் ஒளி. அலையின் கோடுகள் அனைத்தும் நம் கண்ணைக் கப்பலுக்கும், பாய்மரத்தின் கோடு அதனை அன்னையின் முகத்திற்கும் ஏற்றிச் செல்கின்றன. எழுத்தறியாதவரும் இப்படத்தைப் படித்துவிடலாம். மக்கள் கலைக்கு இதைவிடப் பெரிய தகுதி வேறில்லை. நாம் ஆராய விழைவது அந்த ஒளியை அன்று. இருளில் மிதக்கும் அந்தக் கலத்தையே.

வழக்காறு தருவதும் தராததும்

வேளாங்கண்ணியின் தொடக்க வரலாறு செவிவழியாக வந்தது. மூன்று நிகழ்ச்சிகள் அதில் பேசப்படுகின்றன: குளத்தருகே பால்காரச் சிறுவனுக்கு அன்னை தோன்றியது, நடக்க இயலாத மோர்க்காரச் சிறுவன் நலம் பெற்றது, புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய வணிகக் கப்பல் கரை சேர்ந்தது. மூன்றாவது நிகழ்ச்சி 17ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பது மரபு. சீனத்து மக்காவிலிருந்து இலங்கையின் கொழும்பை நோக்கி வந்த கலம் வங்கக் கடலில் புயலில் அகப்பட்டது. மாலுமிகள் அன்னையை வேண்டினர். செப்டம்பர் 8ஆம் நாள், அன்னையின் பிறப்பு விழாவன்று, கரை சேர்ந்தனர். அவ்வூர் மீனவர்கள் அவர்களைக் கூரைக் கோவிலுக்கு அழைத்துச் சென்றனர். நன்றிக்கடனாக அவர்கள் கற்கோவில் எழுப்பினர். பின்னர் வந்த பயணங்களில் பீங்கான் தட்டுகளைக் கொணர்ந்து பீடத்தை அழகுசெய்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது.

கப்பலின் பெயர் இதில் இல்லை. தலைவனின் பெயர் இல்லை. ஆண்டு இல்லை. எத்தனை பேர் இருந்தனர் என்பதும் இல்லை. ஆதலின் 'வேளாங்கண்ணிக் கப்பல்' இதுதான் என்று எந்த ஓவியராலும் வரைய இயலாது. 'அக்காலத்தில் அவ்வழியில் சென்றிருக்கக்கூடிய ஒரு கலம்' என்று மட்டுமே வரைய இயலும். இவ்வேறுபாட்டை ஓவியர் முதலில் தமக்குத் தாமே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்தக் காலத்தையேனும் சிறிது நெருக்கிக் காண வழியுண்டு. போர்த்துக்கீசியர் மக்காவில் குடியேறியது 1557இல். மலாக்காவை டச்சுக்காரர் கைப்பற்றியது 1641இல், கொழும்பை 1656இல், வேளாங்கண்ணிக்கு அருகிலுள்ள நாகப்பட்டினத்தை 1658இல். மக்காவிலிருந்து மலாக்கா நீரிணை வழியாகக் கொழும்பு வரை ஒரு போர்த்துக்கீசிய வணிகக் கலம் தன் நாட்டவர் துறைமுகங்களை நம்பிப் புறப்பட்டதென்றால், அது பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே நிகழ்ந்திருக்க வேண்டும். இது உய்த்துணர்வே, ஆயினும் ஓவியருக்கு ஓர் ஐம்பதாண்டுக் கால எல்லை கிடைத்துவிடுகிறது.

தச்சன் கண்ணால் பார்த்தால்

இவ்வெல்லையை மனத்திற்கொண்டு நம் நாட்காட்டிப் படத்தை மீண்டும் நோக்குவோம்.

முதலில் உடல். படத்திலுள்ள கப்பல் நீண்டு மெலிந்து, கத்திபோல் அலையைக் கிழிக்கிறது. இது 19ஆம் நூற்றாண்டில் தேயிலையும் கம்பளியும் ஏற்றி விரைந்தோடிய கலங்களின் வடிவம். 17ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கீசியக் கலம் அப்படி இருந்ததில்லை. 'நாவ்' என்று அவர்கள் அழைத்த பெருங்கலம் – அச்சொல்லின் ஒலியே நம் 'நாவாய்' என்னும் சொல்லை நினைவூட்டுகிறது – குட்டையாய், அகன்று, பின்புறம் மாடிமேல் மாடியாய் உயர்ந்து நின்றது. இதற்கு அளவோடு கூடிய சான்று உண்டு. இந்தியாவிலிருந்து லிஸ்பனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த 'மாத்ரே தே தெயுஸ்' என்னும் பெருங்கலத்தை 1592இல் ஆங்கிலேயர் சிறைப்பிடித்துத் தம் துறைமுகத்திற்குக் கொண்டுசென்றனர். வியப்புற்ற அவர்கள் அதனை முழம் முழமாக அளந்து எழுதிவைத்தனர். முன்மூக்கிலிருந்து பின்புறம் வரை 165 அடி, அகலம் ஏறத்தாழ 47 அடி, அடிமரமாகிய ஏரா 100 அடி, நடுப் பாய்மரம் 121 அடி, தளங்கள் 7. நீளம் அகலத்தைப்போல் மூன்றரை மடங்கே. இத்துணைப் பெருங்கலம் ஐரோப்பாவுக்குச் செல்லும் வழிக்கு உரியது. ஆயினும் உடலின் விகிதத்தை உணர இது போதும்.

மக்காவிலிருந்து கொழும்புக்கு வந்தது இதைவிடப் பன்மடங்கு சிறிய கலமாகவே இருந்திருக்கலாம். டச்சுக்காரரின் தாக்குதலுக்கு அஞ்சி, 1618 முதல் மக்காவிலிருந்து ஜப்பான் சென்ற வணிகம்கூடப் பெருங்கலங்களைக் கைவிட்டு, 'கலியோட்டா' என்னும் சிறிய, விரைவான கலங்களுக்கு மாறியது. ஆசியத் துறைமுகங்களுக்கிடையே ஓடிய போர்த்துக்கீசியக் கலங்கள் பல கொச்சியிலும் வசையிலும் நம் நாட்டுத் தேக்குமரத்தால் நம் நாட்டுத் தச்சர் கை சேர்ந்து உருவானவை. படத்தில் நாம் 'அயலான் கப்பல்' என்று எண்ணி நோக்குவது, நம் மண்ணின் மரமாகவே இருந்திருக்கக்கூடும்.

அடுத்துப் பாய்கள். படத்தில் முன்மூக்கு மரத்தின்மேல் மூன்று முக்கோணப் பாய்கள் வரிசையாக விரிந்துள்ளன. பெருங்கப்பல்களில் இவை வழக்கத்திற்கு வந்தது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகே. அதற்கு முன் அவ்விடத்தில் மூக்கு மரத்தின் அடியில் ஒரு சதுரப் பாய் தொங்கியது. பின்மரத்தில் மட்டும் சாய்ந்த பருமலில் முக்கோணப் பாய் கட்டப்பட்டது. சுக்கானியின் கையில் ஆரங்கள் கொண்ட பெருஞ்சக்கரம் இருப்பதாகப் படம் காட்டுகிறது. அச்சக்கரம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்குரியது. நம் மாலுமி நெடுங்கோல் ஒன்றைப் பற்றியே சுக்கானை அசைத்திருப்பான். நாம் கண்ட வேறொரு பதிப்பில் பச்சையும் சிவப்புமான கொடி பறக்கிறது. போர்த்துக்கல் அக்கொடியை ஏற்றது 1911இல், முடியாட்சி நீங்கிய பின்னர். பாயில் எழுதப்பட்ட செஞ்சிலுவையும் ஆராய்தற்குரியது. அது அரசனின் கப்பற்படைகளோடு இணைத்து எண்ணப்படும் சின்னம். பெயர் தெரியாத ஒரு வணிகக் கலம் அதைத் தாங்கி வந்ததென்று மரபு எங்கும் சொல்லவில்லை.

இனிப் பரிசல்காரப் பெரியவரின் வினாவுக்கு வருவோம். காற்றால் ஓடும் கலத்தில் பாய் எப்பக்கம் புடைக்கிறதோ அப்பக்கமே கொடியும் பறக்கும். இரண்டையும் அசைப்பது ஒரே காற்று. மோட்டார் வண்டியில் கட்டிய கொடி பின்னோக்கிப் பறப்பதைக் கண்டு பழகிய ஓவியர், அதே வழக்கத்தைக் கப்பலுக்கும் தந்துவிட்டார். அதனினும் பெரும்பிழை, பெரும்புயலில் எல்லாப் பாய்களும் விரிந்திருப்பது. புயல் எழுந்தவுடன் மாலுமி செய்யும் முதல் வேலை, மேற்பாய்களைச் சுருட்டிக் கட்டுவதே. முன்மரத்தின் கீழ்ப்பாயை மட்டும் சிறிதளவு விட்டுவைப்பான். காற்று இன்னும் மிகுமாயின் அதனையும் இறக்கி, வெறும் மரங்களோடு கலத்தை ஓடவிடுவான். எல்லாப் பாய்களும் விரிந்த கப்பல் புயலில் தப்பாது. மரம் முறியும், அல்லது கவிழும்.

இவையெல்லாம் நுணுக்கக் குறைகள் என்று தள்ளிவிடலாமா? இந்தக் கடைசிக் குறையைத் தள்ளுவதற்கில்லை. பாய்கள் சுருட்டப்பட்டு, மரங்கள் வெறுமையாய் நிற்கும் கப்பலே மனிதன் தன்னால் ஆனதெல்லாம் செய்து முடித்த கப்பல். அதற்குப் பின்னரே அவன் முழந்தாளிடுகிறான். நம் படத்திலோ மாலுமிகள் தம் கடமையைச் செய்யாமலே வேண்டுகிறார்கள். கப்பல்நூற் பிழை இங்கே வேண்டுதலின் பொருளையே குறைத்துவிடுகிறது.

கப்பலில் இருந்தவர் யார்?

சான்றுகளைத் தேடிச் சென்றபோது நம்மைத் திடுக்கிட வைத்தது கப்பலின் வடிவம் அன்று; அதிலிருந்த மனிதர்கள்.

போர்த்துக்கீசியர் தாமே வரைந்துவைத்த படங்கள் உள்ளன. லிஸ்பன் அறிவியற் கழகத்தில் உள்ள ஒரு கையெழுத்து நூல், 1497 முதல் இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பல் அணிகளை ஆண்டு வரிசையில் வண்ணப் படங்களாகக் காட்டுகிறது. அது எழுதப்பட்டது 1560களின் பிற்பகுதியில்; ஆதலின் வாஸ்கோ ட காமாவின் கலங்கள்கூட அதில் எழுபது ஆண்டு கழித்தே வரையப்பட்டுள்ளன. கப்பல் கட்டும் முறையை விளக்கும் நூல்களும் உள்ளன. அவற்றுள் ஒன்றை 1580ஐ ஒட்டி எழுதியவர் பெர்னாந்து ஒலிவேரா. அவர் ஒரு குரு. தொமினிக் சபையில் வளர்ந்து பின் அதிலிருந்து விலகியவர். 1536இல் போர்த்துக்கீசிய மொழிக்கு முதல் இலக்கணம் வகுத்தவர். 1555இல் வெளியிட்ட கடற்போர் நூலில் அடிமை வாணிபத்தைத் துணிந்து கண்டித்தவர். இலக்கணம் எழுதிய குருக்களைத் தமிழ் நன்கறியும். கப்பலுக்கும் இலக்கணம் எழுதிய குரு ஒருவர் இருந்தார் என்பது நமக்குப் புதுச் செய்தி.

எனினும் மக்காவிலிருந்து வந்த கப்பலை அருகில் நின்று கண்டவர் ஜப்பானிய ஓவியர்களே. நாகசாகித் துறைக்கு ஆண்டுதோறும் வந்த அக்கப்பலை, 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கானோ மரபு ஓவியர்கள் மடிப்புத் திரைகளில் பொன்தாள் பின்புலத்தில் வரைந்தனர். கோபே நகர அருங்காட்சியகத்திலும் லிஸ்பனின் தேசியத் தொல்கலைக் கூடத்திலும் அத்திரைகளைக் காணலாம். அவற்றின் அச்சுப் படங்களை நாம் பூதக்கண்ணாடி கொண்டு நோக்கினோம். மேல்தளத்தில் அகன்ற காற்சட்டையும் தொப்பியும் அணிந்த போர்த்துக்கீசியத் தலைவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். பாய்மரத்தின் உச்சியிலும், கயிற்றேணிகளிலும், பருமல்களின் முனையிலும் தொங்கி வேலை செய்பவர்களோ கறுத்த மேனியர்.

வரலாறும் இதனையே உறுதி செய்கிறது. ஆசியக் கடல்களில் ஓடிய போர்த்துக்கீசிய வணிகக் கலங்களில் தலைவன், வழிகாட்டி முதலிய சிலரே ஐரோப்பியர். கயிறு இழுத்தவர், பாய் ஏற்றியவர், நீர் இறைத்தவர் பெரும்பாலும் இந்தியரும் பிற ஆசியரும் ஆப்பிரிக்கரும் ஆவர். கலாசிகள், லஸ்கார்கள் என்று அழைக்கப்பட்ட இவர்களுள் இஸ்லாமியர் பலர். அடிமைகளாக விற்கப்பட்டு வந்தவர்களும் உண்டு.

நம் நாட்காட்டிப் படத்தில் பதினொரு மாலுமிகள். எண்ணிப் பார்த்தோம். பதினொருவரும் வெண்ணிற மேனியர், பொன்னிறத் தாடியினர். தமிழ்நாட்டில், தமிழ் ஓவியர் கையால், தமிழ் மக்களின் வழிபாட்டுக்காக வரையப்பட்ட படத்தில், அக்கப்பலில் மிகுதியாக இருந்திருக்கக்கூடிய கறுத்த மனிதருள் ஒருவர்கூட இல்லை. அன்னை காப்பாற்றியது வெள்ளையரை மட்டுமே என்று நம் குழந்தைகள் ஆண்டு முழுவதும் கண்ணாரக் கற்கிறார்கள். இதனை எந்த மறையுரையும் சொல்லவில்லை. எந்த நூலும் எழுதவில்லை. படம் மட்டும் ஓசையின்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கரையில் நின்றவர்கள்

மற்றொரு விடுபாடும் உண்டு. சில பதிப்புகளில் கப்பல், பாய் விரித்த கோலத்தில், மணற்கரையையே தொட்டு நிற்கிறது. கடலறிந்த எவரும் இதனை ஏற்கமாட்டார். வேளாங்கண்ணி துறைமுகம் அன்று. மெல்லச் சரியும் மணற்கரை. ஆழமான அடியுடைய கலம் கரைக்கு வெகு முன்னரே தரைதட்டிவிடும், அல்லது தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அலை கடந்து மனிதரைக் கரை சேர்ப்பது கட்டுமரமும், பலகைகளைக் கயிற்றால் தைத்த சோழமண்டலக் கரைப் படகும்தான். மாலுமிகளைக் கூரைக் கோவிலுக்கு அழைத்துச் சென்றவர்கள் அவ்வூர் மீனவர்கள் என்று மரபே சொல்லும்போது, படத்தில் அவர்கள் எங்கே? அவர்களின் கட்டுமரம் எங்கே? ஏற்கெனவே அங்கிருந்த சிறு கூரைக் கோவில் எங்கே?

வரலாற்றுக்கு உண்மையாக வரைந்தால் இப்படம் நம்மிடமிருந்து விலகும் என்று அஞ்சினோம். நேர்மாறாக, ஒவ்வொரு பிழையும் நீங்க நீங்க, அது நம்மை நெருங்கி வருகிறது. மரம் நம்முடையது, கயிறிழுத்த கைகள் நம்முடையவை, கரையில் காத்து நின்றவர்கள் நம் மக்கள்.

பக்திப் படத்துக்கு வரலாறு எதற்கு?

இங்கே ஒரு தடை எழும். சமயக் கலை வரலாற்று நூல் அன்று. பெத்லகேமின் மாட்டுக் கொட்டிலில் இத்தாலிய உடை அணிந்த இடையரை ஐரோப்பிய ஓவியர் வரையவில்லையா? வேளாங்கண்ணி அன்னைக்கே நாம் பட்டுச் சேலை உடுத்தி மகிழவில்லையா? அவற்றை ஏற்கும் நாம் ஒரு கப்பலின் பாயை ஏன் எண்ண வேண்டும்?

இத்தடை வலியது, எளிதில் புறந்தள்ளத் தக்கதன்று. நம் விடை இது. சேலை ஒரு தேர்வு. நாசரேத்துப் பெண் சேலை உடுத்தவில்லை என்பதை அறிந்தே, 'இவள் எங்கள் தாய்' என்று சொல்வதற்காகத் தமிழர் அதை உடுத்தினர். அறிந்து செய்யும் மாற்றம் பேசும். இத்தாலிய ஓவியனும் தன் ஊர் இடையரைத் தெரிந்தே கொட்டிலுக்குள் அழைத்துவந்தான். நம் கப்பலிலோ எவரும் எதனையும் தேர்ந்தெடுக்கவில்லை. கைக்குக் கிடைத்த ஏதோ ஓர் அயல்நாட்டுப் படத்திலிருந்து கப்பலும், அதனோடு சேர்ந்து அதன் வெண்ணிற மாலுமிகளும் வந்து ஏறிக்கொண்டனர். சேலை உடுத்திய அன்னை நம்மை உள்ளே அழைக்கிறாள். அறியாமல் வரைந்த கப்பலோ நம்மை வெளியே நிறுத்துகிறது. இரண்டையும் 'கலைஞனின் உரிமை' என்னும் ஒரே சொல்லால் மூடிவிட முடியாது.

அஜந்தா தரும் உரைகல்

ஒரு பழங்கப்பலின் படம் எவ்வளவு உண்மையாய் இருக்கலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே அண்மையில் ஒரு சான்று கிடைத்தது. அஜந்தாக் குகையில், ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்ட கப்பல் ஒன்று உள்ளது. அதனை அடிப்படையாகக் கொண்டு, ஆணியின்றிப் பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்து, ஒரு கலம் கட்டும் பணி 2023இல் தொடங்கியது. வரைபடம் இல்லை, அளவு இல்லை. சுவரோவியம் மட்டுமே இருந்தது. கேரளத் தச்சர் தைத்தனர், சென்னை ஐ.ஐ.டி.யில் மாதிரியை நீரில் மிதக்கவிட்டுச் சோதித்தனர். 'கௌண்டின்யா' என்று பெயரிடப்பட்டு, 2025 மே மாதம் கார்வாரில் அது கடற்படையில் சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் போர்பந்தரிலிருந்து புறப்பட்டு, பாய்களின் துணையால் ஓமான் நாட்டு மஸ்கட்டைச் சென்றடைந்தது.

அஜந்தா ஓவியன் கப்பற்கலை நூல் எழுத அமர்ந்தவன் அல்லன். அவனும் சமயக் கதையைச் சொல்லவே தூரிகை எடுத்தான். ஆயினும் தான் கண்ட கலத்தை மதித்து வரைந்தான். ஓவியத்தில் இல்லாதவற்றைக் கட்டியவர்கள் உய்த்துணர்ந்தே நிரப்ப வேண்டியிருந்தது என்பது உண்மை. எனினும் தொடங்குவதற்கு ஒரு பிடி அவர்களுக்குச் சுவரில் இருந்தது. இதனையே நாம் உரைகல்லாகக் கொள்ளலாம்: ஆயிரம் ஆண்டுக்குப் பின் ஒரு தச்சன் நம் படத்தின்முன் நின்றால், அவனுக்கு ஏதேனும் பிடி கிடைக்குமா? நம் நாட்காட்டிப் படம் இவ்வுரைகல்லில் தேறாது.

மீண்டும் ஒரு படம்

குறை கண்டவர் செய்தும் காட்ட வேண்டும் என்பது நியாயம். செப்டம்பர்த் திருவிழாவிற்குப் பின்திரை ஒன்று தேவைப்பட்டபோது, கடைப் பலகைகள் எழுதும் இளைஞர் ஒருவரிடம் நாம் திரட்டிய படங்களையும் அளவுகளையும் கொடுத்தோம். அவரும் கடல் கண்டிராதவர். வரையுமுன் மூன்று பட்டியல் எழுதச் சொன்னோம்: உறுதியாய்த் தெரிந்தவை, உய்த்துணர்ந்தவை, கற்பனை செய்பவை. முதற்பட்டியல் மிகச் சிறியதாய் இருந்தது. அது நம் எல்லாருக்கும் நல்ல பாடம்.

எழுந்த படத்தில் கலம் சிறியது. குட்டையாய், பின்புறம் உயர்ந்தது. மேற்பாய்கள் சுருட்டப்பட்டுள்ளன, முன்மரத்தில் ஒரு கீழ்ப்பாய் மட்டும், பாதி இறக்கிய நிலையில். கொடி முன்னோக்கிப் பறக்கிறது. மேல்தளத்தில் முழந்தாளிட்டோர் இருவர் மட்டுமே தொப்பியணிந்த அயலார். கயிற்றைப் பற்றியபடியே மேல்நோக்கும் மற்றவர்கள் கறுத்தவர்கள். அவர்களுள் ஒருவர் தலைப்பாகையோடு தம் வழக்கப்படி இரு கைகளையும் விரித்து இறைவனை இறைஞ்சுகிறார். தொலைவில் மணற்கரை, மூன்று கட்டுமரங்கள், ஒரு கூரைக் கோவில். கப்பலின் பின்புறப் பெயர்ப் பலகையில் எழுத்தில்லை. பெயர் நமக்குத் தெரியாது என்பதைப் படமே ஒப்புக்கொள்கிறது.

இப்படத்திலும் குறைகள் உண்டு. கயிறுகளின் அமைப்பு இன்னும் செம்மையுறவில்லை. எந்தக் கயிறு பாயை ஏற்றும் ஆஞ்சான், எது மரத்தைத் தாங்குவது என்று நம் ஓவியர் பல இடங்களில் தடுமாறியிருக்கிறார். திருவிழாவன்று மூதாட்டி ஒருவர் நம்மை அழைத்து, "பாயில இருந்த சிலுவையை எடுத்துப்போட்டீங்களே, கண்ணு. அதைப் பாத்துத்தானே நான் கும்புடுவேன்" என்றார். வரலாற்றுச் சான்றுகளை அவர்முன் அடுக்க நமக்கு மனம் வரவில்லை. அவர் இழந்தது மெய்யான ஓர் இழப்பு. மறுநாள் ஓவியர், முழந்தாளிட்ட மாலுமியின் கையில் சிலுவை தொங்கும் ஒரு செபமாலையை எழுதிச் சேர்த்தார். அது அக்காலத்திற்கும் பொருந்தும். அம்மூதாட்டியின் கண்ணுக்கும் அகப்படும். வரலாற்றுண்மையும் பக்தியும் மோதும் இடங்களில் இத்தகைய சிறு வழிகளைப் பொறுமையோடு தேடுவதே ஓவியரின் கடமை என்று நமக்குத் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு நாட்காட்டிகளுக்கான படங்களைத் தேர்ந்தெடுப்போர் இதனைக் கருத வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். பெருஞ்செலவு ஏதும் இல்லை. பாய்களைச் சுருட்டவும், கொடியைத் திருப்பவும், கயிற்றில் நிற்போரின் மேனிக்கு உரிய நிறத்தைத் தரவும், கரையில் ஒரு கட்டுமரத்தைச் சேர்க்கவும் ஒரு நாள் உழைப்பு போதும். காவிரியின் கிளையாறுகள் வழியே நம் ஊர்த் தண்ணீரும் அந்தக் கடற்கரையை நோக்கித்தான் செல்கிறது. அங்கே கரையேறியவர்களுள் நம்மவரும் இருந்திருக்கலாம் என்பதை நம் பிள்ளைகள் சுவரைப் பார்த்தே அறியட்டும்.

பின்திரையைச் சுருட்டி வைக்குமுன் பரிசல்காரப் பெரியவரை அழைத்துக் காட்டினோம். நெடுநேரம் நோக்கினார். கப்பலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. கட்டுமரங்களைச் சுட்டி, "இவங்க எப்பிடிங்க அந்த அலையில போவாங்க?" என்று கேட்டார். அதற்கும் நம்மிடம் விடை இல்லை. அடுத்த முறை வேளாங்கண்ணி செல்லும்போது அவரையும் உடன் அழைத்துச் சென்று, அக்கரையின் மீனவர்களிடமே கேட்பதென்று முடிவு செய்திருக்கிறோம்.